இடது கால் மட்டும்

அத்தியாயம் 4

ஒரு ஜோடி ஷூவில் இடது காலை மட்டும் திருடிக்கொண்டு போகிறவனைப் பற்றி இரண்டு விதமாக யோசிக்கலாம். ஒன்று, அவனுக்கு ஷூவைப் பற்றி எதுவும் தெரியாது. இல்லையென்றால், அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

துப்பறிவாளர் இதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் பக்கத்தில் நிற்கும் டைப்பிஸ்ட் அதைப் பிடித்துக்கொண்டு நாள் பூராவும் கிண்டலடிப்பாள்.

டைப்பிஸ்ட் என்பது பேருக்குத்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கடிதங்கள் தட்டச்சு செய்ய ஆள் தேவை என்று அவர் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்து வந்தவள். வந்த நாளிலிருந்து தட்டச்சு செய்ய ஒரு கடிதமும் வரவில்லை. இயந்திரத்தைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போய், அவர் வழக்குக்குக் கிளம்பும்போது தானும் கிளம்ப ஆரம்பித்துவிட்டாள். நாற்பத்தைந்து வயசு. விரலுக்கு இல்லாத வேலையையெல்லாம் வாய் எடுத்துக்கொண்டது.

"இது ஷூ அல்ல," என்றார் இயக்குநர், கண்ணாடிப் பெட்டியை நோக்கிக் கையை நீட்டி. "இது ஒரு காலகட்டம்."

"அதுல பாதிதான் சார் இருக்கு," என்றாள் டைப்பிஸ்ட்.

காலணி அருங்காட்சியகத்தின் நிறுவனர், இயக்குநர், காப்பாட்சியர் மூன்று பேரும் அவர் ஒருவரே. மூன்று பதவிக்கும் அறை வாசலில் மூன்று பெயர்ப்பலகை இருந்தது. அதற்கு முன்னால் அவர் முப்பது வருஷம் ஷூ லேஸ் மொத்த வியாபாரம் செய்தவர். அதற்குப் பலகை இல்லை.

நீளமான கூடம். மெழுகு போட்டு மெழுகு போட்டு முகம் தெரியும்படி தேய்த்த மரத்தரை. அதில் கீறல் விழக் கூடாது என்பதற்காக, வருகிறவர்கள் எல்லோரும் வாசல் கவுண்டரில் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பித்தளை டோக்கன் வாங்கிக்கொண்டு, சாம்பல் நிறத் துணி உறைகளைக் காலில் மாட்டிக்கொள்ள வேண்டும். முந்நூறு ஜோடி காலணியைப் பார்க்க வருகிறவர்களில் ஒருவர் காலிலும் காலணி இருக்காது. இயக்குநரும் அதே உறையைத்தான் மாட்டியிருந்தார். அவருடைய வலது உறையில் ஒரு ஓட்டை. காலகட்டத்தைப் பற்றி அவர் பேசிய நேரமெல்லாம் கட்டைவிரல் அதன் வழியாக வெளியே வந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

பெட்டிக்குள் ஒரே ஒரு ஷூ நின்றது. வலது கால். கணுக்காலுக்கு மேல் வரை ஏறிய கருஞ்சிவப்புத் தோல், குறுக்கே ஒரு வார், நாலு விரல் தடிமனுக்கு அடிக்கட்டை. பக்கத்தில் வெல்வெட்டில் ஒரு வெற்றிடம். கீழே அட்டையில் எழுதியிருந்தது: 'மேடைச் சிங்கம் எனப் போற்றப்பட்ட பாடகர் எழுபதுகளில் அணிந்து ஆடிய பிளாட்ஃபார்ம் ஷூ.'

"எப்பத் தெரிஞ்சது?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

"இன்று காலை ஒன்பதரைக்கு. நேற்று திங்கட்கிழமை, விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை மாலை நானே கண்ணால் பார்த்துவிட்டுப் போனேன். இன்று நாலு மணிக்கு ஆண்டு விழா. பிரமுகர்கள் வருகிறார்கள். ஒற்றை ஷூவை வைத்துக்கொண்டு நான் என்ன உரை நிகழ்த்துவது?"

"பூட்டு உடையல. சாவி?"

"ஒன்று என் இடுப்பில். இன்னொன்று..." இயக்குநர் தொண்டையைச் செருமினார். "கவுண்டரில், டோக்கன் பலகையில். அறுபதாம் நம்பருக்குப் பக்கத்து ஆணியில்."

"அதாவது வர்றவங்க போறவங்க எல்லாரும் எட்டி எடுக்கற மாதிரி," என்றாள் டைப்பிஸ்ட்.

"அம்மா, இது சாதாரணத் திருட்டு அல்ல. இது வரலாற்றின் மீது நடந்த தாக்குதல். ஆதி நாடக மேடைகளில் அரசர் வேஷம் போட்டவர்கள் உயரமான அடிக்கட்டை மேல்தான் நின்றார்கள். பிற்பாடு கால்வாய் நகரத்துச் சீமாட்டிகள் முழ உயரக் கட்டையில் நடந்தார்கள், விழாமல் இருக்க இரண்டு பக்கமும் பணிப்பெண்கள் பிடித்துக்கொள்ள. குளியல் மண்டபங்களில் ஈரம் படாமலிருக்க மரக்கட்டைச் செருப்பு. போர்க்காலத்தில் தோல் கிடைக்காதபோது தக்கை. இந்த நதிகள் எல்லாம் வந்து கலந்த கடல்தான் எழுபதுகளின் பிளாட்ஃபார்ம் ஷூ."

"ரெண்டாயிரம் வருஷமா நடக்க முடியாத செருப்பையே செஞ்சுக்கிட்டு இருந்திருக்காங்க. இதுல எதையாவது நீங்க போட்டுப் பார்த்திருக்கீங்களா சார்?"

"நானா? அருங்காட்சியகப் பொருளையா?" நெஞ்சில் கை வைத்துக்கொண்டார் இயக்குநர். "காலணி என்பது காலில் போடுவதற்கு அல்ல, அம்மா."

கட்டைவிரல் உள்ளே போய்விட்டு மறுபடியும் வெளியே வந்தது.

துப்பறிவாளர் பெட்டியைத் திறந்து ஷூவை எடுத்தார். எடுத்ததும் புருவம் உயர்ந்தது. அந்த அடிக்கட்டைக்கு அது கனத்திருக்க வேண்டும். கனக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து ஷூவுக்குள் விட்டார். அது போய்க்கொண்டே இருந்தது. வெளியே வைத்து அளந்தால், பென்சில் முனை கிட்டத்தட்ட தரைவரை இறங்கியிருந்தது.

வாரில் ஒரு கைத்தையல். மஞ்சள் நூல். விரலால் தடவிப் பார்த்தார்.

"ரசிகர்கள் பிடித்து இழுத்ததில் அறுந்தது," என்றார் இயக்குநர் பெருமையாக.

"அறுந்தது எப்படியோ. ஆனா தெச்சது கைதேர்ந்த கை. தையல் எல்லாம் கீழேயிருந்து மேல போகுது. யாரோ தரையில உக்காந்து, ஷூ கால்ல இருக்கும்போதே தெச்சிருக்காங்க." அவர் டைப்பிஸ்ட் பக்கம் திரும்பினார். "கவுண்டர்ல போயி என்னோட ஷூவை வாங்கிட்டு வாங்க. இடது கால் மட்டும் போதும்."

"உங்களுக்கும் தொத்திக்கிச்சா சார்?"

அவள் கூடத்தின் மறுகோடிக்குப் போய் வந்தாள். இயக்குநர் தடுப்பதற்குள் துப்பறிவாளர் வலது காலில் மேடைச் சிங்கத்தின் ஷூவையும், இடது காலில் தன்னுடைய பழைய கறுப்பு ஷூவையும் மாட்டிக்கொண்டார். இயக்குநரின் தொண்டையிலிருந்து கதவு கிரீச்சிடுவது போல ஒரு சத்தம் வந்தது. துப்பறிவாளர் ஜன்னல் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தார்.

டைப்பிஸ்ட் சிரிப்பதற்குத் தயாராக வாயைத் திறந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன?"

"சார், நீங்க நொண்டியிருக்கணும். ஒரு காலு மாடில, ஒரு காலு தரைல. ஆனா எப்பவும் போல நடக்கறீங்க."

"அதேதான். வெளியில பார்த்தா நாலு விரல் உயரம். உள்ள குடைஞ்சு எடுத்திருக்கு. கால் சாதாரண ஷூல நிக்கற உயரத்துலதான் நிக்குது. இது பார்வைக்கு மட்டும் பிளாட்ஃபார்ம்." அவர் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "இப்ப காணாமப் போன இடது ஷூவை நெனச்சுப் பாருங்க. வலதை எதுக்குக் குடையணும்? இடது குடையாம முழுசா இருந்திருக்கணும். வெளியில ரெண்டும் ஒரே உயரம். உள்ள ஒரு கால் பள்ளத்துல, ஒரு கால் மேட்டுல. இதைப் போட்டுக்கிட்டு யாரு நேரா நடக்க முடியும்?"

"இடது கால் குட்டையா இருக்கறவங்க," என்றாள் டைப்பிஸ்ட் மெதுவாக.

"மூணு விரல் குட்டை. கணுக்காலைப் பெல்பாட்டம் மூடிடும். ஊருக்கு ஒண்ணும் தெரியாது. வலது ஷூ வெறும் ஜோடிப் பொருத்தத்துக்கு. வேலை செய்யறது இடது மட்டும்தான். அதை எடுத்தவர் விக்கறதுக்கு எடுக்கல. நடக்கறதுக்கு எடுத்திருக்கார்."

இயக்குநர் அட்டையைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார். "மேடைச் சிங்கம் ஒரே தாவலில் மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு..."

"தாவியிருப்பார். அதனாலதான் இது அவரோடது இல்ல. உங்களுக்கு எங்கிருந்து கிடைச்சுது?"

"கவுண்டருக்கு அடியில் ஒரு பெட்டியில் இருந்தது," என்றார் இயக்குநர், முதல் தடவையாகச் சாதாரணக் குரலில். "யாரோ விட்டுட்டுப் போனதுன்னு டோக்கன்காரர் சொன்னார். மிச்சம்... என்னுடைய ஆய்வு."

டைப்பிஸ்ட் இந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக நெற்றியைச் சுளித்துக்கொண்டு நின்றாள்.

"சார், நான் ஒண்ணு பார்த்தேன். சிரிச்சுட்டு விட்டுட்டேன். உங்க ஷூவை எடுக்கறதுக்கு அவர் குனிஞ்சப்ப, ரேக்குல கடைசித் தட்டுல ஒரு செருப்பு இருந்துச்சு. டோக்கன் நம்பர் இல்லாத தட்டு. இடது செருப்பு மட்டும். ஜோடி இல்ல."

துப்பறிவாளர் கூடத்தின் மறுகோடியைப் பார்த்தார். மார்பளவு உயரமான கவுண்டருக்குப் பின்னால், உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, டோக்கன்காரர் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் வந்ததிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு வலது ஷூ தனியாக. அங்கே ஒரு இடது செருப்பு தனியாக. அப்படியானால் அந்தக் கவுண்டருக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் தெரியாமல், ஒரு வலது செருப்பும் ஒரு இடது ஷூவும் இரண்டு கால்களில் இருக்க வேண்டும்.

மணி பத்து முப்பத்தைந்து.

"நீங்க இங்கயே இருங்க," என்று இயக்குநரிடம் சொன்னார். "இந்த ஷூவைப் பார்த்துக்குங்க. இதையும் யாராவது கொண்டு போயிடப் போறாங்க."

இயக்குநர் ஷூவை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

டோக்கன்காரருக்கு அறுபத்தைந்து வயசு இருக்கலாம். சலவைச் சட்டை. அன்று காலையில்தான் சவரம் செய்திருந்தார். அவசரத்தில் தாடையில் ஒரு சின்ன வெட்டு. பின்னால் மர ரேக்கில் அறுபது தட்டுகள். அதில் இரண்டில்தான் செருப்பு இருந்தது, துப்பறிவாளருடைய ஒற்றை வலது ஷூவும் டைப்பிஸ்டுடையதும். கடைசித் தட்டு இப்போது காலி. அதைப் பார்த்துவிட்டார்கள் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

"நடந்து பார்த்தீங்களே," என்றார் டோக்கன்காரர். "எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. நீங்க கொஞ்சம் எழுந்திருக்க முடியுமா?"

"முடியும். பதினோரு மணிக்கு எழுந்திருக்கலாம்னு இருந்தேன்."

"பதினோரு மணிக்கு என்ன?"

அவர் பதில் சொல்வதற்கு முன்னால் டோக்கன்களை வரிசையாக அடுக்கினார். அடுக்கியிருந்ததைத்தான் மறுபடியும் அடுக்கினார்.

"செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஒருத்தங்க வருவாங்க. ரெண்டு மாசமா. பேப்பர்ல அந்த ஷூ படம் வந்ததுலேர்ந்து. செருப்பக் கழட்டிக் குடுப்பாங்க, டோக்கன் வாங்குவாங்க, நேரா அந்தப் பெட்டிகிட்ட போய் நிப்பாங்க. அரை மணி. வேற எதையும் பார்க்க மாட்டாங்க. போயிடுவாங்க."

"உங்களைத் தெரியலையா அவங்களுக்கு?" என்று கேட்டாள் டைப்பிஸ்ட்.

"டோக்கன் குடுக்கறவன் மூஞ்சிய யாரு பார்ப்பாங்க. எனக்குத் தெரிஞ்சது. முதல் நாளே. 'எந்தப் பக்கம்?'னு கேட்டாங்க பாருங்க, அந்தக் குரல்லயே. நான் தலையத் தூக்கல."

"அந்த மஞ்சள் தையல்," என்றார் துப்பறிவாளர்.

"அவங்க போட்டதுதான். அவங்க தையல் கடைல இருந்தாங்க. நான் எதிர்த்தாப்ல இசைத்தட்டுக் கடைல. வாரு அறுந்துபோனப்ப, கழட்டிக் குடுங்க தெச்சுத் தர்றேன்னாங்க. கால்ல இருக்கும்போதே தையுங்கன்னேன். ஏன்னு கேக்கல. கீழ உக்காந்து தெச்சாங்க."

அவர் நிறுத்திவிட்டுக் கூடத்தைப் பார்த்தார். அந்தக் கோடியில் இயக்குநர் ஷூவை மாரோடு சேர்த்துப் பிடித்தபடி தனக்குள் ஏதோ உரை நிகழ்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் சொல்றாரே சரித்திரம், அரசர், சீமாட்டின்னு. எனக்குத் தெரிஞ்ச சரித்திரம் வேற சார். சின்ன வயசுலேர்ந்து தெருவுல நடந்தா எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. திடீர்னு இந்த ஷூ வந்துச்சு. அதுல பாதம் மடங்காது. காலைத் தூக்கித் தூக்கித்தான் வைக்கணும். படி இறங்கும்போது பக்கவாட்டுல இறங்கணும். கல்லு தட்டினா கணுக்கால் போச்சு. ஆனாலும் ஊர்ல எல்லாரும் வாங்கிப் போட்டாங்க. ஒரு ஷூக்காரர்கிட்ட போனேன். என் காலைப் பார்த்தார். பெல்பாட்டம் போடுவியான்னு மட்டும் கேட்டார். போடுவேன்னேன். அப்புறம் செஞ்சு குடுத்தார். அந்த மூணு வருஷம் ஊரே நொண்டுச்சு சார். நான் ஒருத்தன்தான் நேரா நடந்தேன்."

டைப்பிஸ்ட் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார்.

"அப்புறம்?"

"சாயங்காலம் கடை மூடினதும் பஸ் நிறுத்தம் வரைக்கும் ஒண்ணா நடப்போம். மூணு வருஷம். ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டாங்க, அப்பாவைப் பார்க்கறதுக்கு. போனேன். வெளி கேட்டுப் பக்கத்துல நின்னு பார்த்தா, வாசல்படில எல்லாரோட செருப்பும் வரிசையா இருக்கு. கழட்டிட்டுத்தானே உள்ள போகணும். எந்த வீடா இருந்தாலும் அப்படித்தான். மூணு வருஷம் எல்லாத்தையும் யோசிச்சிருந்தேன், மாடிப்படி, மழை, பஸ்ஸு. வாசல்படிய மட்டும் யோசிக்கல." அவர் ஒரு டோக்கனை எடுத்து மறுபடியும் கீழே வைத்தார். "திரும்பிட்டேன்."

"சொல்லாமயா?"

"என்னன்னு சொல்றது? வேற ஊருக்கு வேலைய மாத்திக்கிட்டுப் போயிட்டேன். கொஞ்ச நாள்ல அந்த ஷூவும் வழக்கத்துலேர்ந்து போயிடுச்சு. எல்லாரும் மறுபடி நேரா நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. நான் உக்கார்ந்த வேலையாப் பார்த்துக்கிட்டேன். ஷூவை மட்டும் தூக்கிப் போட மனசு வரல, கவுண்டருக்கு அடியில வெச்சிருந்தத அவர் பார்த்துக் கேட்டப்ப யாரோ விட்டுட்டுப் போனதுன்னுட்டேன்."

துப்பறிவாளருக்குத் தன் வீட்டு வாசல் ஞாபகம் வந்தது. எட்டு ஜோடி வைக்கிற ரேக். அதில் ஒரு ஜோடிதான் இருக்கும், அவர் வீட்டில் இருந்தால். அவர் வெளியே போனால் அதுவும் இருக்காது.

"இன்னைக்கு அவங்ககிட்ட போய் நிக்கணும்," என்றார் டோக்கன்காரர். "அவங்க பார்த்திருக்கற மாதிரி நடந்து போய். அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை எடுத்துட்டுப் போனேன். நேத்து பூரா ரூம்ல நடந்து பழகினேன். நாலு மணிக்குள்ள வெச்சுடலாம்னு இருந்தேன். அவர் காலைல வந்ததும் பெட்டியப் போய்ப் பார்ப்பார்னு நெனைக்கல."

"ரெண்டையும் எடுத்திருந்தா இன்னும் எடுப்பா இருந்திருக்குமே?" என்று கேட்டாள் டைப்பிஸ்ட்.

"ஒண்ணாவது அங்க இருந்தாத்தாம்மா அவங்க வந்து நிப்பாங்க."

டைப்பிஸ்ட் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு துணி உறைகளை எண்ண ஆரம்பித்தாள்.

மணி பத்து ஐம்பது. இயக்குநருக்குப் பொறுமை தீர்ந்து, மெழுகுத்தரையில் வழுக்கியபடி கவுண்டருக்கு வந்து சேர்ந்தார். டோக்கன்காரருக்கும் அவருக்கும் நடுவில் ஒரு பலகைதான். அதற்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்தில், காணாமல் போன காலகட்டம் நின்றுகொண்டிருந்தது.

"துப்பு கிடைத்ததா?"

"கிடைச்சுது. ஷூவை முதல்ல பெட்டியில வைங்க. இடது ஷூ நாலு மணிக்குள்ள தானா வந்து சேரும். ஆனா ரெண்டு விஷயம். யாரு எடுத்ததுன்னு கேக்கக் கூடாது, இன்னைக்கு மட்டுமில்ல, எப்பவும். அப்புறம், அட்டைய மாத்தணும்."

"அட்டையையா? அழைப்பிதழில் அச்சாகிவிட்டதே. மேடைச் சிங்கத்தின் மாப்பிள்ளை வேறு வருகிறார்."

"அப்ப இன்னும் நல்லது," என்றாள் டைப்பிஸ்ட். "மாமனாருக்கு எந்தக் கால் குட்டைன்னு அவரையே கேட்டுடலாம்."

இயக்குநரின் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது. பிறகு மெல்ல மெல்ல அதில் ஒரு வெளிச்சம் வந்தது. உரையில் போடத் தக்க ஒரு வரி கிடைத்துவிட்டால் வருகிற வெளிச்சம்.

"பெயர் தெரியாத ஒரு மனிதன்," என்றார் மெதுவாக. "எழுபதுகளில் வீதியில் நடந்த ஒரு சாமானியன். இதில் ஓர் ஆழம் இருக்கிறது. சிங்கங்கள் எல்லா அருங்காட்சியகத்திலும் இருக்கும். சாமானியனை யார் காட்சிக்கு வைக்கிறார்கள்?"

சாமானியன் கவுண்டருக்குப் பின்னால் இருமினார். இயக்குநர் அவர் பக்கம் திரும்பாமலே ஷூவைக் கொண்டுபோய் வெல்வெட்டில் வைத்துவிட்டு, புது அட்டை எழுதத் தன் மூன்று பலகை அறைக்குள் போனார்.

பதினோரு மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது, டோக்கன்காரர் சொன்ன அந்த அம்மாள் வந்தார். நரைத்த முடியை இறுக்கிக் கட்டியிருந்தார். சட்டைக் கையில் இரண்டு மூன்று நூல் பிசிறுகள் ஒட்டியிருந்தன. இன்னும் தைத்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று துப்பறிவாளர் குறித்துக்கொண்டார். செருப்பைக் கழற்றிக் கவுண்டரில் வைத்தார். குனிந்த தலையோடு டோக்கன்காரர் ஒரு டோக்கனை நகர்த்தினார். அதை எடுத்துக்கொண்டு, உறையை மாட்டிக்கொண்டு, அந்த அம்மாள் நேராகப் பெட்டியிடம் போனார். அங்கே ஒன்று மட்டும் இருப்பதைப் பார்த்தார். கண்ணாடியில் ஒரு கையை வைத்தார். அப்படியே நின்றார்.

டோக்கன்காரர் எழுந்திருக்கவில்லை.

ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. அவர் கை கவுண்டரின் விளிம்பைப் பிடித்திருந்தது.

"போங்க," என்றாள் டைப்பிஸ்ட், உதட்டை அசைக்காமல். "இருபது அடிதான். நேத்து பூரா ரூம்ல எத்தன இருபது அடி நடந்தீங்க?"

அவர் எழுந்தார். கவுண்டரின் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தார். வலது காலில் சாதாரணச் செருப்பு. இடது காலில் கருஞ்சிவப்பு ஷூ. அதன் மேல் மடிப்புக் கலையாத பேண்ட். சட்டத்துக்கு விரோதமாக, மெழுகுத்தரையின் மேல், டக், டக் என்று நடந்தார். தோள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன. காசு வைத்தால் விழாது, அப்படி ஒரு நடை. துப்பறிவாளர் தன் வாழ்நாளில் எத்தனையோ பேரைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறார், அதுதான் தொழில். இப்படி ஒரு முதுகைப் பார்த்ததில்லை.

பாதி தூரம் போயிருப்பார். அந்த அம்மாள் திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்:

"வலது கால் சத்தம் மாறிடுச்சே."

டோக்கன்காரர் நின்றுவிட்டார். காலிக் கூடத்தில் ஒவ்வொரு சொல்லும் வாசல்வரை கேட்டது.

"முன்னெல்லாம் வலது கால் காலி டப்பா மாதிரி கேக்கும். இடது கட்டை மாதிரி. டொப்பு, டக்கு. டொப்பு, டக்கு. மூணு வருஷம் காதுல விழுந்தது." இப்போது திரும்பினார். "எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?"

"தெரியுமா?"

"பக்கத்துல நடக்கறவளுக்குத் தெரியாதா. முதல் வாரமே தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்." குரலில் கோபம் இல்லை. பழைய கணக்கு ஒன்றைச் சரிபார்க்கிற மாதிரியான ஒரு நிதானம்தான். "அப்பாகிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன். அதனாலதானே அன்னைக்கு வாசல்ல நாற்காலி போட்டு வெச்சிருந்தார். நீங்க உக்காந்து கழட்டறதுக்கு. நின்னுக்கிட்டே கழட்டினா தடுமாறுவீங்கன்னு."

டோக்கன்காரர் குனிந்து தன் இடது காலைப் பார்த்தார்.

"பார்த்தேன்," என்றார் கடைசியில். "அந்த நாற்காலியப் பார்த்தேன். அதப் பார்த்துத்தான் திரும்பினேன்."

"ஏன்?"

"உங்க அப்பா உக்காந்து, நான் கழட்டறதப் பார்க்கறதுக்குப் போட்டதுன்னு நெனச்சேன்."

கவுண்டரில் துப்பறிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு நாற்காலி. ஒரு வாசல். கண்ணுக்கு எதிரே கிடந்த ஒரே துப்பு, அதை ஒரு மனிதன் தலைகீழாகப் படித்துவிட்டான். நாமும் எத்தனை நாற்காலிகளை அப்படிப் படித்திருப்போம் என்று நினைத்தார். எண்ண ஆரம்பித்து, நிறுத்திவிட்டார்.

"ரெண்டு நாள் அப்பா அத எடுக்கவே இல்ல," என்றார் அந்த அம்மாள். "மழை பெஞ்சு நனைஞ்சுது. அப்பவும் எடுக்கல." பிறகு சுவரில் இருந்த அறிவிப்பைப் பார்த்தார், டோக்கன்காரரின் காலைப் பார்த்தார். "கழட்டுங்க. இந்தத் தரைல இதெல்லாம் போடக் கூடாதாம்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். உட்கார அங்கே எதுவும் இல்லை.

"தோளப் பிடிச்சுக்கிட்டுக் கழட்டுங்க. இன்னும் என்ன."

அவர் பிடித்துக்கொண்டார். கழற்றினார். இடது பக்கம் மூன்று விரல் சாய்ந்து நின்றார். அந்த அம்மாள் ஷூவை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, வலதின் பக்கத்தில் வைப்பதற்குப் பதிலாக இடுப்பில் இடுக்கிக்கொண்டார். இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் நகர்ந்தார்கள். அங்கிருந்து பேச்சு கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று துப்பறிவாளரும் நினைத்தார்.

வாசலில் ஒரு குடும்பம் வந்து நின்றது. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். கவுண்டரில் ஆள் இல்லை. "இங்க யாரும் இல்லையா?" என்று அந்த அப்பா கேட்டார்.

துப்பறிவாளர் பலகையைத் தூக்கி உள்ளே போய், ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தார். ஐந்து ஜோடி வாங்கித் தட்டில் வைத்து, ஐந்து டோக்கன் கொடுத்தார். ஐந்து பேரும் வாங்கிக்கொண்டு போனார்கள். டோக்கன்காரர் சொன்னது சரிதான். ஒருவர்கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"பொருத்தமான உத்தியோகம் சார்," என்றாள் டைப்பிஸ்ட். "வர்றவங்க காலைப் பார்த்தே கதையச் சொல்லிடலாம். என்னோடதக் குடுங்க. எதிர்த்தாப்ல போய் டீ வாங்கிட்டு வர்றேன். நாலு பேருக்கு. இயக்குநருக்கு வேணும்னா அட்டைல ஊத்திக் குடுப்போம்."

பதினெட்டாம் நம்பர் டோக்கனைக் கவுண்டரில் வைத்தாள். அவர் பதினெட்டாம் தட்டிலிருந்து அவளுடைய செருப்பை எடுத்தார். பழக்கதோஷம், திருப்பிப் பார்த்தார்.

இரண்டு செருப்பிலும் முன்பக்கம் காகிதம் போல் தேய்ந்திருந்தது. குதிகால் புதுசாக இருந்தது. கடைக்காரன் அழுத்தின முத்திரைகூட அழியவில்லை. நடக்கிறவர்களுக்குக் குதிகால்தான் முதலில் தேயும். இது நடக்கிறவரின் செருப்பு இல்லை. முன்னால் விறுவிறுவென்று போகிற ஒருவரை எட்டிப் பிடிக்க, பக்கத்தில் பாதி ஓட்டமாகவே வருகிற ஒருவரின் செருப்பு. இரண்டு வருஷத் தேய்மானம்.

"என்ன சார், கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சுடுச்சா?"

அவர் செருப்பைக் கவுண்டரில் வைத்தார். "நான் ரொம்ப வேகமா நடக்கறேனா?"

டைப்பிஸ்ட் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நடப்பீங்க," என்றாள். "சர்க்கரை எத்தன ஸ்பூன்னு இன்னைக்காவது சொல்லுங்க. இத்தன நாளா குத்துமதிப்பா போட்டுக்கிட்டு இருக்கேன்."

"ஒண்ணு."

அவள் படியிறங்கிப் போனாள். வாசலிலிருந்து தெருவரைக்கும் கல் பாவிய பாதை. துப்பறிவாளர் ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். செருப்புச் சத்தம் அவசரமில்லாமல், சீராக, நடுநடுவே எதையோ வேடிக்கை பார்க்க நின்று, மறுபடியும் தொடர்ந்து போயிற்று. அவள் தன் பாட்டுக்கு நடந்தால் இப்படித்தான் நடப்பாள் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.